ஐந்து வேறுபாடுகள் எழுதுக!

"பேட்டரி இக்னிஷனுக்கும் மேக்னெட்டோ இக்னிஷனுக்கும் உள்ள ஐந்து வேறுபாடுகளை எழுதுக."

மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ படிச்சுட்டு இந்தக் கேள்வியைச் சந்திக்காம வெளியே வந்தவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. யாரும் இல்லை இல்லையா? பதிலும் எல்லாருக்கும் மனப்பாடம். அதுல பேட்டரி உண்டு, இதுல கிடையாது. அது ஸ்டார்ட்டிங்கில் நல்ல பொறி தரும், இது தராது. அதுக்குப் பராமரிப்பு அதிகம், இதுக்குக் குறைவு. அது காருக்கு, இது பைக்குக்கும் விமானத்துக்கும். நடுவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு, ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு வரி, மார்க்கு கையில.

இந்த அட்டவணையை ஒழிக்கணும்கிறதுதான் என் கட்சி. அதுல தப்பான விஷயம் இருக்குன்னு நான் சொல்லலை. எல்லாமே சரிதான். ஆனா வயல்ல, தோப்புல, வீட்டுக் கொல்லையில மெஷினைப் பிடிக்கிற ஒருத்தனோட விரலைக் காப்பாத்தக்கூடிய ஒரே ஒரு வேறுபாடு அந்த அட்டவணையில இல்லவே இல்லை. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்தி வரணும், பொறுத்துக்கோங்க.

காரைக்குடியில இருந்துக்கிட்டு மேக்னெட்டோவுக்கு வக்காலத்து வாங்குறது ஒரு மாதிரி வேடிக்கைதான். இது பேட்டரி ஊரு. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினஞ்சு லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுக்க, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் (நம்ம ஊர்க்காரங்க வாயில 'செக்ரி') இங்கேதான் இருக்கு. லித்தியம், சோடியம்னு அங்கே பெரிய பெரிய வேலை நடக்குது. அந்தக் காம்பவுண்டைத் தாண்டிப் போயிக்கிட்டே "பேட்டரியே இல்லாத எஞ்சினைப் பத்திப் பேசுவோம் வாங்க"ன்னா நம்ம பசங்க சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிங்க. ஆனா அந்தக் காம்பவுண்டுக்குள்ள புல்லு வெட்டுற ஆள் தோள்ல பெட்ரோல் மெஷின் தொங்கிச்சுன்னா, அதுக்குள்ள பொறி எங்கேயிருந்து வருதுன்னு நினைச்சீங்க?

பழைய டிவிஎஸ் 50 ஓட்டினவங்க வீட்டுல இருந்தா ஒரு விஷயம் கேட்டுப் பாருங்க. 1980-ல ஓசூர்ல இருந்து வந்த வண்டி. ராத்திரி ஆக்சிலேட்டரை முறுக்கினா ஹெட்லைட் பளிச்சுன்னு எரியும், விட்டா மங்கிப் போகும். மேட்டுல ஏறித் திணறினா வெளிச்சமும் திணறும். எதிர்ல மாடு வர்ற மாதிரி தெரிஞ்சா நின்னுக்கிட்டே முறுக்கிப் பார்த்துட்டுப் போவாங்களாம். அதைக் குறைன்னு கேலி பண்றோம். ஃபாரடே 1831-ல கண்டுபிடிச்ச விதியை இவ்வளவு தெளிவா காட்டுற லேப் உபகரணம் வேற எது? காந்தம் வேகமாச் சுத்தினா வோல்டேஜ் ஏறும், மெதுவாச் சுத்தினா இறங்கும். நாம அதைப் புத்தகத்துல சூத்திரமா எழுதினோம், எங்க தாத்தா காலத்து ஆளுங்க அதை வச்சு மாட்டைத் தேடினாங்க.

அட்டவணையில வர்ற "ஸ்டார்ட்டிங்கில் பொறி பலவீனம்" அப்படிங்கிற வரியோட முழுக் காரணமும் இதுதான். காலால உதைக்கிறப்போ எஞ்சின் சுத்துற வேகம் கம்மி, காந்தம் ஓடுற வேகமும் கம்மி. காரணம் தெரிஞ்சா அந்த ஒரு வரியில இருந்து பத்து விஷயம் கிளை பிரியும். கயிறு இழுக்கிற மெஷினை ஏன் சுண்டி இழுக்கணும், மெதுவா இழுத்தா ஏன் நாள் பூரா இழுத்தாலும் பிடிக்காது, விமான எஞ்சின் மேக்னெட்டோவில ஏன் ஒரு ஸ்பிரிங் வச்சு, கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சு, பட்டுன்னு சுழற்றி விடுறாங்க... எல்லாம். காரணம் தெரியாம எழுதினா ஒரு மார்க்கு. அவ்வளவுதான்.

சரி, உள்ளே என்ன நடக்குது? ஃப்ளைவீலோட விளிம்புல காந்தம் பதிச்சிருக்கும். பக்கத்துல தகடு தகடா அடுக்கின இரும்புக் கோர், அதுமேல ரெண்டு சுத்து. ஒண்ணு தடிச்ச கம்பியில நூத்துக்கணக்கான சுத்து (பிரைமரி), இன்னொண்ணு முடி மாதிரி மெல்லிசுக் கம்பியில ஆயிரக்கணக்கான சுத்து (செகண்டரி). காந்தம் கோரைத் தாண்டி ஓடுறப்போ பிரைமரியில மின்சாரம் பிறக்குது. இவ்வளவுதான் மேக்னெட்டோன்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படி ஓடவிட்டா மட்டும் பிளக்ல பொறி வராது. கணக்குப் போட்டா பத்தாது.

இங்கேதான் சூட்சுமம். நம்ம சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்திருக்கீங்களா? மாட்டைத் தொழுவுல அடைச்சு, அது உள்ளேயே முட்டி மோதிக் கோபம் ஏறின நேரம் பார்த்துத் திறந்தா எப்படிப் பாயும்? பாயிண்ட்ங்கிறது அந்தக் கதவு. (சில மெக்கானிக்குகள் பிளாட்டினம்னு சொல்வாங்க, முனையில பெரும்பாலும் இருக்கிறது டங்ஸ்டன்.) பாயிண்ட் ஒட்டியிருக்கிறப்போ பிரைமரியோட ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மூடின சுற்றா இருக்கு. காந்தம் தாண்டுறப்போ அதுல ஓடுற கரண்ட், கோருக்குள்ள இருக்கிற காந்தப் புலத்தை மாறவிடாம இழுத்துப் பிடிச்சு வைக்குது. வெளியே காந்தம் திசை மாறிப் போயிடுச்சு, உள்ளே இன்னும் பழைய புலமே முறுக்கிக்கிட்டு நிக்குது. அந்த உச்சத்துல, பிஸ்டன் மேலே வந்து சேர்றதுக்குச் சற்று முன்னாடி, கேம் வந்து பாயிண்ட்டைத் திறக்குது. கரண்ட் அறுந்துபோகுது. பிடிச்சு வச்சிருந்த புலம் ஒரே பாய்ச்சல்ல தலைகீழா மாறுது. பிரைமரியில இருநூறு முந்நூறு வோல்ட், செகண்டரியில பத்தாயிரத்துக்கும் மேல. பிளக் இடைவெளியில பொறி. பாயிண்ட்ல பொறி தாவி அது கருகிப் போகாம இருக்கவும், கரண்ட் சட்டுன்னு அறுபடவும் பக்கத்துலயே ஒரு கண்டென்சர்.

ஆறாயிரம் ஆர்பிஎம்ல ஓடுற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்னா இந்த மஞ்சுவிரட்டு நொடிக்கு நூறு தடவை. நடக்க வேண்டிய இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். அந்தக் கால மெக்கானிக் அண்ணன்மார் உப்புத்தாளை மடிச்சு ரெண்டு இழுப்பு இழுத்து, கண்ணாலேயே இடைவெளி பார்த்து வண்டியைக் கிளப்பினாங்களே, அவங்க சரிசெஞ்சது இதைத்தான். நாம வைவாவுல "கான்டாக்ட் பிரேக்கர்"ன்னு பேர் மட்டும் சொல்லிட்டு வெளியே வந்தோம்.

இப்ப ஒரு கூட்டம் வரும்: "சிடிஐ வந்ததும் மேக்னெட்டோ செத்துப் போச்சு, எதுக்கு இந்தப் பழங்கதை?" என்னோட கிளாஸ்லயே முக்கால்வாசிப் பேர் இந்தக் கட்சி. ஐயா, சிடிஐ வந்து வேலை இழந்தது பாயிண்ட். மேக்னெட்டோ இல்லை. எக்சைட்டர் காயில்னு ஒரு சுத்து ஃப்ளைவீல் காந்தத்துல இருந்தே கரண்ட் எடுத்து ஒரு கெப்பாசிட்டரை இருநூறு முந்நூறு வோல்ட் வரைக்கும் நிரப்புது. பிக்கப் காயில் "இப்போ"ன்னு சொன்னதும் எஸ்சிஆர் திறந்து அத்தனையும் இக்னிஷன் காயில்ல கொட்டுது. மேக்னெட்டோவை நம்பின டூ-ஸ்ட்ரோக் மொபெட்ல பேட்டரி எங்கே இருந்துச்சு? கதவைத் திறக்கிற ஆள்தான் மாறினான். மாடு அதே மாடு.

இன்னொரு கூட்டம் இருக்கு, இன்னும் ஆபத்தான கூட்டம். "காந்தம் சும்மாவே கரண்ட் தருது பாரு, இதைப் பெருசாக்கினா ஊருக்கே கரண்ட்"ன்னு வீடியோ போடுறவங்க. மேக்னெட்டோவைத்தான் அத்தாட்சியாக் காட்டுவாங்க. ஒரு பொறிக்கு ஆகுற சக்தி சில பத்து மில்லிஜூல். அதுவும் உன் கால் உதைச்சதுல இருந்தோ பெட்ரோல் எரிஞ்சதுல இருந்தோதான் வருது, காந்தத்துக்குள்ள இருந்து ஒரு சொட்டும் வரலை. மூலிகை பெட்ரோலுக்கு 1996-ல இந்த நாடே வாயைப் பிளந்துச்சு, 2016-ல சென்னை சிபிஐ நீதிமன்றம் தண்டனை கொடுத்த பிறகுதான் மூடுச்சு. காந்த மோட்டாருக்கு இன்னும் பிளந்துக்கிட்டே இருக்கு.

மேக்னெட்டோ சாதாரணப் பொருள் இல்லைன்னு ஒரு காலத்துல அரசாங்கங்களுக்கே தெரியும். ராபர்ட் போஷ் 1887-ல நின்ன இடத்துல ஓடுற எஞ்சினுக்கு ஒண்ணு செஞ்சு கொடுத்தார். 1902-ல அவர்கிட்ட வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்டு உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதுக்கு ஏத்த ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தார். 1914-ல உலகப் போர் மூண்டப்போ பிரிட்டனுக்கு வந்த பெரிய தலைவலிகள்ல ஒண்ணு, தன்னோட லாரிக்கும் விமானத்துக்கும் வேண்டிய மேக்னெட்டோ பெரும்பாலும் எதிரி நாட்டுல இருந்துதான் வந்துக்கிட்டிருந்துச்சு என்கிறது. (அதே வருஷம் செப்டம்பர்ல எம்டன் வந்து மெட்ராஸ் மேல குண்டு போட்டதை நாம மறக்கலை. இதை யாரும் சொல்லித் தரலை.) அவசர அவசரமாத் தானே செய்யக் கத்துக்க வேண்டியிருந்துச்சு. ரைட் சகோதரர்கள் 1903-ல பறந்ததும் மேக்னெட்டோவோடதான். இன்னிக்கும் பயிற்சி கொடுக்கிற செஸ்னா 172 எஞ்சின்ல சிலிண்டருக்கு ரெண்டு பிளக், ரெண்டு தனித்தனி மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் ஆல்டர்னேட்டர் எரிஞ்சாலும் எஞ்சின் நிக்கக் கூடாது, அதுக்குத்தான்.

"எஞ்சின் நிக்கக் கூடாது." இந்த இடத்துக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்.

காரில சாவியைத் திருப்பி ஆஃப் பண்றோம். என்ன நடக்குது? சுற்று அறுபடுது, பேட்டரியில இருந்து காயிலுக்குக் கரண்ட் போகலை, பொறி இல்லை, எஞ்சின் நின்னுடும். வழியில ஒயர் எங்கேயாவது அறுந்தாலும் அதேதான், எஞ்சின் நின்னுடும். வீட்டு சுவிட்சும் இதே தர்மம். நமக்குப் பிறந்ததுல இருந்து தெரிஞ்ச ஒரே தர்மம் இதுதான்: ஒயர் அறுந்தா எல்லாம் செத்துடும்.

மேக்னெட்டோவில வெளியே இருந்து கரண்டே வரலையே, எதை அறுப்பீங்க? அதனால இங்கே நிறுத்துறதுக்கு ஒரே வழி பிரைமரியை எஞ்சின் பாடியோட சேர்த்து எர்த் பண்ணிடுறது. தொழுவுக் கதவை நிரந்தரமாச் சாத்திடுறது. பாயிண்ட் திறந்தாலும் சுற்று மூடியே இருக்கும், மாடு வெளியே வரவே வராது. ஆக இந்த மெஷின்ல ஆஃப் பட்டன்ங்கிறது உண்மையில சுற்றை மூடுற பட்டன். இப்ப அந்த ஸ்டாப் ஒயர் அறுந்து போச்சுன்னு வைங்க. எஞ்சின் நிக்காது! பட்டனை ஆஃப்ல வச்சாலும் ஓடிக்கிட்டே இருக்கும். நின்னுக்கிட்டு இருக்கிற எஞ்சினைச் சுத்தினாலும் பிடிச்சுக்கும். ஆகாயத்துல இது வரம். ஒயர் அறுந்ததுக்காக விமானம் விழக்கூடாது இல்லையா. அதே காரணத்துக்காகத்தான் தரையில நிக்கிற விமானத்தோட புரொப்பல்லரைக் கையால தொடுறதை விமானக்காரங்க அவ்வளவு கண்டிக்கிறாங்க. சாவி ஆஃப்ல இருக்குங்கிறது மேக்னெட்டோவில உத்தரவாதம் இல்லை.

நம்ம அட்டவணையில இது எங்கே?

விமானத்தை விடுங்க, நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2017-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னப்போ சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் எத்தனை செயின்ஸா சத்தம் கேட்டுச்சுன்னு நினைச்சுப் பாருங்க. புல்லு வெட்டுற பிரஷ் கட்டர், தென்னைக்கு மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர், குழி தோண்டுற மெஷின், கயிறு இழுத்துக் கிளப்புற பம்பு, கல்யாண வீட்டு ஜெனரேட்டர்னு கயிறு இழுக்கிற மெஷின் பெரும்பாலும் மேக்னெட்டோதான். பவர் வீடருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமே தருது. பிஎஸ்-6 வந்த 2020-க்குப் பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்குப் போய் பேட்டரியை நம்புது, அது உண்மை, ஒத்துக்கிறேன். அதாவது மேக்னெட்டோ ரோட்டைவிட்டு இறங்கிக் காட்டுக்குள்ள போயிருக்கு. பக்கத்துல மெக்கானிக் இல்லாத இடத்துக்கு, பிளேடு சுத்துற மெஷினுக்கு, கூலிக்கு வேலை பார்க்கிறவங்க கைக்குப் போயிருக்கு. அந்த நேரம் பார்த்து நாம அதைச் செத்துப் போச்சுன்னு எழுதுறோம்.

பிரஷ் கட்டர்ல மையவிலக்கு கிளட்ச் இருக்கு, எஞ்சின் மெதுவா ஓடுறப்போ பிளேடு நிக்கும். அதனாலதான் ஆளுங்க துணிஞ்சுடுறாங்க. பட்டன் வேலை செய்யலை, எஞ்சின் சும்மாதானே ஓடுதுன்னு சுத்திக்கிட்ட புல்லைக் கையால பிடுங்குறாங்க. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கை பட்டு ஆக்சிலேட்டர் முறுக்கினாலோ முடிஞ்சுது. புல்தரை மோயர்ல இன்னும் மோசம். பலதுல பிளேடு நேரா எஞ்சின் ஷாஃப்ட்லயே மாட்டியிருக்கும். பிளேடைக் கையால திருப்புறதும் கயிறு இழுக்கிறதும் ஒண்ணுதான். நம்ம பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகள் ஹோட்டலாகிப் பச்சைப் புல்தரை போட ஆரம்பிச்சிருக்கு, சொல்லி வைக்கிறேன்.

இதுல உயிர்ப் பிரச்சினை மட்டுமில்லை, காசுப் பிரச்சினையும் இருக்கு. தேவகோட்டைப் பக்கம் எங்க சித்தப்பா ஒரு பிரஷ் கட்டர் வச்சிருக்கார். ஒரு நாள் பொறி வரலை. ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனார். "காயில் போயிடுச்சுண்ணே, மாத்தணும்." மாத்தினாங்க, காசு வாங்கினாங்க, ரெண்டு வாரத்துல மறுபடி பொறி வரலை. "டூப்ளிகேட் பெட்ரோல் ஊத்தினீங்களா?"ன்னு கேள்வி வேற. கைப்பிடிக்குப் பக்கத்துல ஸ்டாப் ஒயர் மேல ரப்பர் உரிஞ்சு பாடியில தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். கதவு தானாச் சாத்திக்கிச்சு. கடைக்காரர் ஏமாத்தினாரா, அவருக்கும் தெரியலையான்னு எனக்குத் தெரியாது. ரெண்டாவதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தா? அட்டவணை எழுதின நாமளா?

பார்க்கிற முறை ரொம்பச் சுலபம். பொறி வரலைன்னா முதல்ல வேற பிளக் போட்டுப் பாருங்க. அப்புறம் காயில்ல இருந்து ஸ்டாப் ஒயரைக் கழட்டிட்டு, பெட்ரோல் பக்கத்துல இல்லாத இடத்துல, பிளக்கோட இரும்பு எஞ்சின்ல தொடுற மாதிரி வச்சுக் கயிறை இழுங்க. இப்பப் பொறி வந்தா காயில் நல்லாத்தான் இருக்கு, குற்றவாளி ஒயரோ சுவிட்சோ. சரிபண்ணி மறுபடி மாட்டிட்டுத்தான் ஓட்டணும், கழட்டின மேனிக்கே ஓட்டினா மேல சொன்ன நிக்காத எஞ்சின்தான். பொறி வரலைன்னா காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவுல உள்ள இடைவெளியைப் பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இருந்தா பெரும்பாலும் சரி. (ஆயிரம் ரூபாய் ஃபீலர் கேஜை விட கல்யாண மண்டப மேனேஜர் கார்டு இந்த வேலைக்கு நல்லா உதவும் :-) ) காந்தத்துலயும் கோர்லயும் துரு ஏறியிருந்தா தேய்ச்சு எடுங்க. பொறி நல்லா இருந்தும் எஞ்சின் எதிர்த்து உதைச்சா ஃப்ளைவீல் கீ வெட்டுப்பட்டு டைமிங் நழுவியிருக்கலாம். இத்தனைக்கும் பிறகுதான் காயிலைச் சந்தேகப்படணும்.

"ஆராய்ச்சி உலகம் எலக்ட்ரிக் வண்டிக்குப் போயிடுச்சு, சிலபஸ்ல இடம் இல்லை"ன்னு எங்க சீனியர் ஒருத்தர் சொன்னார். இடம் இருக்கே! அந்த அட்டவணை ஒரு பக்கம் பிடிக்குது, அதை எடுத்துட்டா ஒரு பக்கம் காலி. எலக்ட்ரிக் வரட்டும், நானும் வாங்குவேன். ஆனா ஏழு எட்டு மணி நேரம் மின்கம்பம் இல்லாத காட்டுல வேலை பார்க்கிற செயின்ஸாவை நாளைக்கே யாரும் தூக்கிப் போடப் போறதில்லை. அதோட, ஒரு ஃப்ளைவீல், ஒரு காயில், ஒரு பிளக் இதை வச்சு இண்டக்ஷன், டிரான்ஸ்ஃபார்மர், கெப்பாசிட்டர், டைமிங், சுவிட்ச், பாதுகாப்பு இத்தனையும் ஒரே மேஜையில காட்டலாம். பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்கின எஞ்சின் போதும். ஷோகேஸ்ல பாதி வெட்டி பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கிற மாடல் எஞ்சின் வேண்டாம், அது சுத்தாது.

அட்டவணைக்குப் பதிலா நான் கேக்கச் சொல்ற கேள்வி இதுதான். கிளாஸ்மேட்ஸ் முயற்சி பண்ணிட்டு நாளைக்குக் கேன்டீன்ல சொல்லுங்க:

"ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரஷ் கட்டரின் ஸ்டாப் பட்டனை அழுத்தியும் எஞ்சின் நிற்கவில்லை. (அ) பழுது என்னவாக இருக்கும்? (ஆ) எஞ்சினை இப்போது எப்படி நிறுத்துவாய்? (இ) நின்ற பிறகு, பிளேடில் சுற்றிய புல்லை எடுக்கும் முன் எதைக் கழற்றுவாய், ஏன்?"

(ஆ)வுக்கு சோக்கை மூடணும்னும், (இ)க்கு பிளக் கேப்னும் தெரிஞ்சவங்களுக்கு முழு மார்க்கு. "ஏன்"னு ஒரு வரி எழுதாதவங்களுக்குப் பாதிதான்.